என் வாயை மூட ஒரு நன்கொடை

வானொலியில் சங்கீத நிகழ்ச்சி நடத்துகிறவன் என்று என்னைப் பற்றி நான் சொல்லிக்கொள்வேன். நிலையத்தில் வேலை செய்பவர்கள் அப்படிச் சொல்வதில்லை. அவர்களுக்கு நான் 'முன்னுரை'. முன்னுரை வந்தாச்சா, முன்னுரை டீ குடிச்சாச்சா என்றுதான் பேச்சு. பத்து நிமிடப் பாட்டுக்கு நான் பன்னிரண்டு நிமிடம் அறிமுகம் சொன்னதாக ஒரு வதந்தி உண்டு. வதந்தி இல்லை, ஒலிப்பதிவே இருக்கிறது.

என்ன செய்ய, எனக்கு அப்படித்தான் வரும். ஒரு ராகம் என்றால் அது எங்கே பிறந்தது, யார் வளர்த்தது, எந்த ராகத்துக்குச் சித்தப்பா மகன், எந்த ராகத்தோடு பேச்சுவார்த்தை இல்லை என்பதெல்லாம் சொல்லி முடித்தால்தான் பாட்டைப் போடக் கை நீளும். நேயர்கள் அதற்காகத்தான் காத்திருக்கிறார்கள் என்றும் நம்பினேன். எதிரே ஆளில்லாமல் மைக்கைப் பார்த்து வருடக்கணக்காகப் பேசினால் இந்த மாதிரி நம்பிக்கை தானாக வந்துவிடும்.

இப்படி இருக்கும்போதுதான் அந்த வேன் வந்து சேர்ந்தது. அதாவது, வேன் வாங்க வேண்டிய தர்மசங்கடம். சிறுநீரகம் பழுதானவர்களை டயாலிசிஸுக்கு வீட்டிலிருந்து அழைத்துப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விட, சக்கர நாற்காலியோடு ஏற்றக்கூடிய வேன். நகரத்து வானொலிகள் எல்லாம் சேர்ந்து நிதி திரட்டின. சினிமாப் பாட்டு அலைவரிசையில் ஒரு பையன் ஐஸ் தண்ணீர்த் தொட்டிக்குள் உட்கார்ந்து பல் கிடுகிடுக்க நிகழ்ச்சி நடத்தினான். செய்தி வாசிக்கிற பெரியவர் ஒருவர் தன் மீசையில் பாதியை ஏலம் விட்டார். மீதிப் பாதியோடு ஒரு வாரம் செய்தி வாசித்தார்.

எங்கள் இயக்குநர் என்னைக் கூப்பிட்டார். என்னைவிட வயதில் சிறிய பெண்மணி. என் மரியாதைக்காகக் கதவை மூடிவிட்டுத்தான் பேசுவார்.

"நம்ம பங்குக்கு நாமும் ஏதாவது ஜாலியா செய்யணும் சார்."

"சங்கீதம் என்ன சர்க்கஸா மேடம்?" என்றேன். கனத்த குரலில்தான். எனக்கு வேறு குரல் கிடையாது.

"சர்க்கஸுக்கு டிக்கெட் வித்துடுது சார். நமக்குத்தான் விக்கலை."

கோமாளித்தனம் செய்து தர்மம் செய்தால் தர்மத்துக்கும் இழுக்கு, கலைக்கும் இழுக்கு என்று விளக்கினேன். உதாரணங்கள் சொன்னேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், பிறகு ஏதோ தோன்றியதுபோல என்னையே பார்த்தார்.

"சார், உங்க அறிமுகத்தையே பந்தயமா வைப்போமா? ரெண்டு நம்பர் குடுப்போம். நீங்க பேசணும்னு ஆசப்படறவங்க ஒரு நம்பருக்குப் பணம் அனுப்பட்டும். போதும்பா, பாட்டப் போடுன்னு நினைக்கிறவங்க இன்னொரு நம்பருக்கு. அந்தப் பக்கம் பணம் விழும்போதெல்லாம் மணி அடிப்போம். மணி அடிச்சா நீங்க அங்கேயே நிறுத்திடணும். மொத்தத்துல எந்தப் பக்கம் ஜெயிக்குதோ, இனிமே நிகழ்ச்சி அதுபடிதான். தோத்தா ராகம் பேரு, வாசிச்சவங்க பேரு, அரை நிமிஷம். அவ்வளவுதான்."

கொஞ்சமாவது புத்தியுள்ளவன் அங்கேயே எழுந்து போயிருப்பான். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள். நான் நிமிர்ந்து உட்கார்ந்து, "நான் ஜெயிச்சா வாரம் ஒரு மணி நேரம் பாட்டே இல்லாம எனக்குத் தனி நிகழ்ச்சி வேணும்" என்றேன். அவர் உடனே ஒப்புக்கொண்டார். அந்த வேகத்தைப் பார்த்தாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் என் முதல் ரசிகை. அப்படித்தான் எல்லோரிடமும் அவளை அறிமுகம் செய்வேன். துணி மடித்துக்கொண்டே முழுவதையும் கேட்டாள்.

"அந்த ரெண்டாவது நம்பர் என்னங்க?"

"எதுக்கு?"

"சும்மா, தெரிஞ்சு வச்சுக்கத்தான்."

நிதி திரட்டும் மாலை வந்தது. மூன்று உருப்படிகள் வைத்திருந்தேன். மூன்றுக்கும் சேர்த்து ஒரு கோப்பு நிறையக் குறிப்பு. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இயக்குநரும் ஒலிப்பதிவாளரும் உட்கார்ந்திருந்தார்கள். ஒலிப்பதிவாளர் கையில், பழைய மேசைகளில் இருக்குமே, தட்டினால் டிங் என்று ஒலிக்கும் மணி. அதை அவர் குழந்தையை வைத்திருப்பதுபோல வைத்திருந்தார்.

"நேயர்களே, இன்று முதலில் நாம் கேட்கப்போகும் ராகத்தின் வரலாறு..."

டிங்.

பாட்டைப் போட்டேன். முடிந்தது. "இந்த ராகத்தில் மேலேறும் வரிசை ஒரு..." டிங். "சரி, இதைப் பாடியவரைப் பற்றி..." டிங். "அவருடைய குரு..." டிங், டிங். ஒலிப்பதிவாளர் மிகவும் அமைதியான மனிதர். அவ்வளவு மலர்ந்த முகத்தோடு அவரை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

யாரோ ஒரு புண்ணியவான் ஒரு முழு நிமிட மௌனத்தை விலைக்கு வாங்கினார். பாட்டும் கூடாது, பேச்சும் கூடாது, அறிவிப்பாளர் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நாங்கள் ரசிக்க வேண்டும் என்று செய்தி. உட்கார்ந்தேன். வானொலி நிலையத்தில் ஓர் இயந்திரம் உண்டு. கொஞ்ச நேரம் சத்தமே இல்லாவிட்டால் ஏதோ பழுது என்று நினைத்து, முன்பே பதிந்து வைத்த அறிவிப்பைத் தானாகப் போட்டுவிடும். அது இருப்பதையே நாங்கள் எல்லோரும் மறந்துவிட்டோம். பாதி மௌனத்தில், கணீரென்று, "அன்பார்ந்த நேயர்களே, தடங்கலுக்கு வருந்துகிறோம். தடங்கல் என்றால் என்ன என்று சற்றுச் சிந்தித்தால்..." என்று ஆரம்பித்தது. என் குரல்தான். என்றைக்கோ பதிந்தது. அப்போதே நீளமாகத்தான் பதிந்திருக்கிறேன்.

தொலைபேசிகள் எல்லாம் ஒன்றாக அலறின. "காசும் வாங்கிட்டுப் பேசறாரே, இது நியாயமா?" என்று ஒருவர். அந்த இயந்திரத்தையும் சேர்த்து நிறுத்தப் பணம் அனுப்பினார் இன்னொருவர். ஒலிப்பதிவாளர் ஓடிப்போய் அதை அணைத்துவிட்டு வந்து மறுபடி மணியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

என் பக்கத்து நம்பருக்கும் பணம் வராமல் இல்லை. நான் கெஞ்சிக் கேட்டுக்கொண்டதால் மச்சான் அனுப்பியது ஒன்று. நம்பர் மாற்றிப் போட்டுவிட்டதாகப் பதறி, திருப்பிக் கேட்டவர் ஒருவர். தோற்றுவிட்டேன் என்று தெரிந்தது. உண்மையாகவே வலித்தது. கேட்பாரில்லாமல் இத்தனை வருடம் பேசியிருக்கிறேனே. அந்த மாதிரி நேரத்தில்கூட அதைப் பற்றி நாலு வார்த்தை பேசலாமா என்றுதான் தோன்றியது.

கடைசி உருப்படி வீணை. நீண்ட ஆலாபனை. அதற்கு முன் இயக்குநர் உள்ளே வந்து ஒரு துண்டுச் சீட்டைத் தந்தார். "பெரிய தொகை சார். பேரு வேண்டாம்னுட்டாங்க. நீங்களே படிங்க."

படித்தேன். நேரலையில், என் முழுக் குரலில்.

"கடைசியில் வரும் வீணையை, முன்னாலும் பின்னாலும் பேச்சே இல்லாமல் கேட்க வேண்டும். எனக்குச் சங்கீதம் என்றால் உயிர். என் வீட்டுக்காரரோடு எத்தனையோ கச்சேரிகளுக்குப் போயிருக்கிறேன். வாசிக்கும்போதே பக்கத்தில் உட்கார்ந்து காதில் விளக்கம் சொல்லிக்கொண்டே இருப்பார். நல்ல மனுஷர்தான். ஆனால் கல்யாணமான நாளிலிருந்து ஒன்றைக்கூட நான் முழுசாகக் கேட்டதில்லை. இன்றைக்கு அவர் வீட்டில் இல்லை."

எனக்கு மனசு இளகிவிட்டது. மணி அடிக்கும் முன் சொல்லிவிட வேண்டும் என்று அவசரமாகச் சொன்னேன். "பார்த்தீர்களா நேயர்களே, இப்படியும் ஆண்கள் இருக்கிறார்கள்! ஐயா, நீங்கள் எங்கிருந்தாலும் சரி, உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். அந்த அம்மாவுக்காகவாவது கொஞ்சம் வாயை மூடுங்கள்!"

மணி அடிக்கவில்லை. ஒலிப்பதிவாளர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இயக்குநர் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். உருகிவிட்டார் போல என்று நினைத்தேன்.

வீணை ஆரம்பித்தது. வழக்கமாக வாத்தியம் ஒலிக்கும்போது நான் அடுத்த அறிமுகத்துக்குக் குறிப்பு எழுதுவேன். இன்றைக்கு அடுத்தது என்று ஒன்று இல்லை. சும்மா உட்கார்ந்து அந்த மனிதனைப் பற்றி யோசித்தேன். எப்படிப்பட்ட ஆளாக இருப்பான்? கச்சேரியில் எந்தப் பக்கம் உட்காருவான்? நான் எப்போதும் இடது பக்கம்தான் உட்காருவேன். அவளுடைய இடது காதில் சொல்ல அதுதான் வசதி.

துண்டுச் சீட்டை எடுத்து மறுபடி படித்தேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்தேன். இயக்குநர் ஒலிபெருக்கியில் மெதுவாகச் சொன்னார். "நம்பரப் பாத்ததும் எங்களுக்குத் தெரிஞ்சிடுச்சு சார். நீங்க படிக்கும்போதே புரிஞ்சுக்குவீங்கன்னு நினைச்சோம்."

ஊர் முழுக்கக் கேட்க என்னை நானே திட்டியிருக்கிறேன். அதுகூடப் பெரிதில்லை. என் பேச்சைத் தவிர வேறெதையும் கேட்கவிடாமல் ஒருத்தியை இத்தனை வருடம் பக்கத்தில் உட்காரவைத்திருக்கிறேன். அவளை ரசிகை என்று வேறு சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன். வெட்கம் பிடுங்கித் தின்றது.

வேனுக்குத் தேவையானதற்கு மேலேயே சேர்ந்துவிட்டது. இயக்குநர் கை கொடுத்தார். நல்ல காரியத்துக்காகக் கோமாளி வேஷம் போடலாமா என்று இப்போது கேட்டால், கூடாது என்றுதான் சொல்வேன். ஏன் கூடாது என்று விளக்க எனக்கு அரை நிமிடத்துக்கு மேல் கிடைக்காது, அவ்வளவுதான்.

வீட்டுக்குப் போனபோது சாப்பாட்டு மேசையில் தட்டுகளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அணைத்த ரேடியோவின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். கண் சிவந்திருந்தது.

"திட்டறதுன்னா திட்டிடுங்க," என்றாள்.

நான் அவளுக்கு எதிரே உட்கார்ந்தேன். இடது பக்கம் இல்லை, எதிரே.

"எப்படி இருந்துச்சு?" என்று கேட்டேன்.

அவள் என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள். பிறகு தயங்கித் தயங்கிச் சொல்ல ஆரம்பித்தாள். "ஆரம்பத்துல ரொம்ப மெதுவா... யாரோ நம்ம வாசல்ல வந்து நின்னு, கூப்பிடலாமா வேண்டாமான்னு யோசிக்கற மாதிரி. எனக்கு எங்கம்மா ஞாபகம் வந்துடுச்சு. ஏன்னு தெரியல. அப்புறம் கீழ எறங்கற எடத்துல..." கையால் காற்றில் ஒரு கோடு இழுத்தாள். "நீங்க என்னிக்கும் சொல்வீங்களே, பைரவி, பைரவின்னு. அது பைரவிதானே?"

இல்லை, மாஞ்சி. இரண்டும் ஒரே ஜாடையில் இருக்கும். கேட்டுப் பழகியவர்களே தடுமாறுவார்கள். எங்கே பிரிகிறது என்பதைப் பற்றி மட்டும் என்னால் ஒரு மணி நேரம் பேச முடியும், பேசியும் இருக்கிறேன். என் எதிரில் ஒரு ராகத்தின் பேரைத் தப்பாகச் சொல்லிவிட்டு யாரும் தப்பித்ததில்லை. நாக்கு நுனிவரை வந்து நின்றது.

காற்றில் தூக்கிய கை அப்படியே நிற்க, அவள் என் வாயைப் பார்த்தாள். நான் ஆரம்பித்தால் அந்தக் கையைக் கீழே போட்டுவிடத் தயாராக இருந்தாள். எத்தனை தடவை போட்டிருப்பாளோ.

"ம்," என்றேன். "கீழ எறங்கற எடத்துல?"