நாற்பத்தேழு வினாடி

யார் யார் இருந்தார்கள், எங்கே எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதைத்தான் கலாராணி முதலில் எழுதினாள்.

முன்வரிசையில் நான்கு கதிரைகள். இடமிருந்து வலமாக: தோட்டத்துத் தொரை, அடுத்து, கொழும்பிலிருந்து வந்திருந்த கம்பனிக்காரர், மூன்றாவதில் மலையில் வேலை வாங்கும் வெளிக்கள ஐயா நிஷாந்த், நான்காவதில் தொழிற்சங்கத் தலைவர் மாடசாமி. கதிரைகளுக்கு முன்னால் மேசை. மேசையில் ஒரு கேக், அதன்மேல் பச்சை ஐசிங்கில் இரண்டு இலையும் ஒரு மொட்டும். மேசையின் வலது மூலையில் மாலை போட்ட இரண்டு படங்கள். கதிரைகளுக்குப் பின்னால் ஒரு வாங்கு. வாங்கில், நிஷாந்த் ஐயாவுக்கு நேர் பின்னால், துஷாந்த். அவன் மடியில் அவனுடைய ஐந்து வயது மகள் ஜனுஷிகா. வாங்குக்குப் பின்னால் தரையில் படங்கு விரித்து நாற்பது பேர் அளவில். மேசைக்கு இடது பக்கம், மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றது, எழுதியவளாகிய நான்.

அத்தோடு பேனா நின்றது. அந்த வாங்கில் துஷாந்துக்கு வலது பக்கத்தில் இன்னும் ஒரு ஆள் இருந்தான். அந்த ஆளுக்கான வரியை அவள் இன்னும் எழுதவில்லை.

கலாராணிக்கு வயது முப்பத்தெட்டு. மடுல்சீமைப் பக்கம், பஸ் ஏறுவதற்கே இரண்டு கட்டை நடக்க வேண்டிய அந்தத் தோட்டத்தில், கொழுந்து பறிக்கப் போகிற பெண்கள் கைப்பிள்ளைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக்காம்பராவைப் பார்த்துக்கொள்பவள். பசறையில் பள்ளிக்கூடம் போனவள். லயத்துக்காரர்களின் அடையாள அட்டை, சேமலாப நிதி, பிறப்புப் பத்திரம் எல்லாவற்றுக்கும் அவள்தான் கடிதம் எழுதிக் கொடுப்பாள். யாருக்கு எழுதினாலும் முதலில் ஆட்கள், பிறகு நேரம், பிறகு நடந்தது. இந்த ஒழுங்கை அவள் மாற்றியதே இல்லை. பிள்ளைக்காம்பராச் சுவரில் ஒரு கரும்பலகை. தினமும் காலையில், வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு ஆள் கூடுவதற்கு முன், 'இந்த நாளில்' என்று தலைப்பிட்டு நான்கு வரி எழுதிவிடுவாள். அன்று என்ன தினம், உலகத்தில் அந்தத் தேதியில் நடந்தவை இரண்டு, கடைசி வரி தோட்டத்துக்கு. யாருக்கோ இரட்டைப் பிள்ளை பிறந்தது, கோயில் தேருக்கு அச்சு முறிந்தது, எவளையோ குளவி கொட்டியது. பறிக்கப் போகிறவர்கள் கூடையோடு நின்று முதலில் கடைசி வரியைத்தான் படிப்பார்கள்.

மே இருபத்தோராம் தேதி பலகையில் இப்படி இருந்தது. சர்வதேச தேயிலை தினம். 1927: லிண்ட்பேர்க் தனி ஆளாக அட்லாண்டிக்கைப் பறந்து கடந்து பாரிஸில் இறங்கினார். 1991: இந்தியாவின் முன்னாள் பிரதமர் ஸ்ரீபெரும்புதூரில் குண்டுவெடிப்பில் கொல்லப்பட்டார். 2022: மூன்றாம் நம்பர் மடுவம் சரிந்து பெரியாயியும் யசோதினியும் இறந்தார்கள்.

பெரியாயி, கலாராணிக்கும் அவள் தம்பி சதீஸ்குமாருக்கும் அம்மா. யசோதினி, துஷாந்தின் மனைவி. கொழுந்து நிறுக்கிற அந்த மடுவத்தின் சுவரில் வெடிப்பு விட்டிருந்தது. அன்றைக்குக் காலையிலிருந்தே அடைமழை. சுவர் முனகுகிறது என்று பெண்கள் வெளியே வரப் பார்த்தார்கள். நிஷாந்த் ஐயா வாசலில் குடையோடு நின்று, நிறுத்து முடிகிற வரைக்கும் ஒருத்தியும் நகரக்கூடாது என்று கத்தினார். மற்றவர்களின் கொழுந்தெல்லாம் நிறுத்து முடிந்தது. கடைசி இரண்டு பேருக்கு முடியவில்லை. கல்லையும் சேற்றையும் அகற்றி எடுத்தபோது அம்மாவின் முகம் முகமாக இல்லை. காலில் கிடந்த மிஞ்சியைப் பார்த்துத்தான் கலாராணி, "ஆமா, எங்க அம்மாதான்" என்றாள். விசாரித்து, இயற்கை அனர்த்தம் என்று எழுதி மூடினார்கள். அடுத்த பெரட்டில் அதே நிஷாந்த் ஐயாதான் பேர் கூப்பிட்டார்.

மூன்று வருஷம் கேட்டுக்கேட்டு, இந்த முறைதான் நினைவு நாளுக்குச் சம்மதம் கிடைத்தது. ஆனால் அன்றைக்கே தேயிலை தினத்துக்குக் கொழும்பிலிருந்து ஆள் வருகிறார், கேக் வெட்ட வேண்டும். மாடசாமி போய்ப் பேசி, முதலில் இரண்டு நிமிட மௌன அஞ்சலி, அடுத்து கேக் என்று ஒத்துக்கொள்ள வைத்தார். "ரெண்டையும் ஒண்ணா முடிச்சிருவோம். கேக்கு நம்மளுக்கும் ஒரு துண்டு கெடைக்கும்" என்று சிரித்தார். நேரம் பார்க்க ஆள் வேண்டும் அல்லவா? கலாராணியிடம் மணிக்கூடு இருந்தது, ஒழுங்கும் இருந்தது.

பத்தரைக்குத் தொடங்கியது. ஆண்கள் தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்து மலையிலிருந்து நேரே வந்திருந்தார்கள், கத்தியை இடுப்பில் செருகியபடியே. எல்லோரும் தலை குனிந்தார்கள். ஐம்பத்தைந்தாவது வினாடியில் நிஷாந்த் ஐயாவின் போன் அடித்தது. அவர் அதை அணைக்கவில்லை, எடுத்தார். "கேக்க வெட்டிட்டு வாறேன்டா. இங்க ஒரு கருமாதி ஓடிக்கிட்டு இருக்கு" என்று மெதுவாகத்தான் சொன்னார், சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்த அமைதியில் அது கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

சதீஸ்குமார் எழுந்தான். கை இடுப்புக்குப் போனது. எழுந்தவன் நேரே அக்காவைப் பார்த்தான். அவளும் பார்த்தாள். பார்த்துவிட்டுக் குனிந்து மணிக்கூட்டைப் பார்த்தாள். எழுபத்துமூன்று வினாடி. இன்னும் நாற்பத்தேழு இருக்கிறது, இப்போது சத்தம் போட்டால் அம்மாவுக்கான மௌனம் கலைந்துபோகும் என்று அவள் மனசில் ஓடியது. அவ்வளவுதான் ஓடியது.

முதல் வெட்டு காதைச் சீவிக்கொண்டு கன்னத்தில் இறங்கியது. இரண்டாவதுக்கு ஐயா கையைத் தூக்கினார். போனும் இரண்டு விரல்களும் ஒன்றாகக் கீழே விழுந்தன. தரையில் கிடந்த போன் "ஹலோ, ஹலோ" என்றது. மூன்றாவது வெட்டு தோள்பட்டை எலும்பில் இறங்கி, கத்தி சிக்கிக்கொண்டது. பச்சை இலை வரைந்த கேக்கில் இரத்தம் வாரி அடித்தது. துஷாந்த் மடியிலிருந்த பிள்ளையைப் பின்னால் இருந்த பெண்களிடம் எறிந்துவிட்டுப் பாய்ந்தான். சதீஸை நெஞ்சில் உதைத்துத் தள்ளினான். கத்தியை உருவினான். இடது கையால் ஐயாவின் தோளை அமுக்கிப் பிடித்தான். விழுந்து கிடந்த சதீஸின்மேல் யாரோ படங்கை இழுத்துப் போட்டார்கள்.

"ரெண்டு நிமிஷம் முடிஞ்சுது" என்று ஒரு குரல் கேட்டது. அது தன் குரல்தான் என்று கலாராணிக்குப் பிறகுதான் தெரிந்தது.

மேசையோடு குனிந்து பதுங்கியிருந்த தொரை தலை நிமிர்ந்து திரும்பியபோது கத்தி துஷாந்தின் கையில் இருந்தது. தோட்டத்துக் காவல்காரர் இரண்டு பேர் கதிரையைத் தூக்கி அதன் காலாலேயே அவனை அடித்தார்கள். முதல் அடியில் முன்பல் போனது. அடுத்ததில் தாடை ஒரு பக்கமாகத் தொங்கியது. விழுந்தவனின் விலாவில் பூட்ஸ் காலால் மிதித்தார்கள். "அப்பா, அப்பா" என்று பிள்ளை கத்த, அதன் வாயை ஒருத்தி கையால் பொத்தினாள். நாற்பது பேரில் ஒருவரும், வெட்டியது அவன் இல்லை என்று சொல்லவில்லை. கலாராணியும் சொல்லவில்லை. பொலிஸ் வந்து மிச்சத்தை அடித்து முடித்தது.

மறுநாள் மாடசாமி, எல்லோரும் கையெழுத்து வைக்க ஒரு மகஜர் எழுதி வாங்க வந்தார். இரண்டு நிமிடமும் எல்லோரும் கண்ணை மூடி அஞ்சலியில் இருந்தோம், யாரும் எதையும் காணவில்லை. அதுதான் விஷயம். "ஒன் எழுத்துதாம்மா அழகா இருக்கும், எழுது" என்றார்.

"யாரும் காணலன்னா, தொரை சொன்னதுதான நிக்கும் மாமா? துஷாந்த் அண்ணன் வெட்டுனதா ஆயிரும்."

மாடசாமி வெற்றிலையை வாயில் ஒதுக்கினார். "ரெண்டுல ஒருத்தன் போய்த்தான் ஆகணும். பொலிசோட போனவன் போயிட்டான். இருக்கிறவனயும் தூக்கிக் குடுக்கச் சொல்றியா? ஒன் கூடப் பொறந்தவன்."

அவள் எழுதினாள். நாற்பத்திமூன்று பேர் கையெழுத்து வைத்தார்கள், சதீஸ்குமாரும் சேர்த்து.

அந்த மகஜரைப் பதுளைக்குக் கொண்டுபோய்க் கொடுத்ததும் அவள்தான். துஷாந்துக்காக வழக்குப் பேச முன்வந்த சட்டத்தரணி ஹாஷிம், கடைவீதி மாடியில் ஒரு சின்ன அறையில் இருந்தார். படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"நாப்பத்திமூணு பேரும் கண்ண மூடிக்கிட்டு இருந்தீங்க. சரி. ரெண்டு நிமிஷம்னு யாரு சொன்னது தங்கச்சி?"

அவள் மணிக்கூடு கட்டிய கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"கண்ண மூடிக்கிட்டு மணிக்கூடு பாக்க ஏலாதே" என்றார் அவர், கோபமில்லாமல். "வெட்டுப்பட்ட ஐயா, பின்னாலருந்து வெட்டினதால ஆளக் காணலயாம். துஷாந்த் ஆஸ்பத்திரியில கட்டிலோட விலங்கு போட்டுக் கெடக்கிறார். தாடைக்குக் கம்பி. கேட்டாலும் பேசுறதுக்கு வாயில்ல. எழுதிக் காட்டச் சொல்லிப் பேனா குடுத்தன். புள்ள சாப்பிட்டாளான்னு மட்டும் எழுதினார். ரெண்டாந் தேதி வழக்கு. கண்ட ஆள் ஒண்ணு எழுதித் தரணும். என் கையில தராதீங்க, நான் சொல்லி எழுதினதும்பாங்க. நேரா கோர்ட்டுக்குப் பதிவுத் தபால்ல போடுங்க. தேதி விழும்."

அந்தக் கடிதம்தான் இது. இரண்டு நாளாக அவள் ஆட்களின் பட்டியலைத் தாண்டவில்லை. ஜனுஷிகா அவள் வீட்டில்தான் படுத்தாள். சோற்றைப் பிசைந்து ஊட்டினால் வாயைத் திறக்காது. யாராவது குரல் உயர்த்தினால் தன் வாயைத் தானே பொத்திக்கொள்ளும்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் சதீஸ்குமார் வேலை விட்டு வந்து, அடுப்பங்கரையில் மடித்து வைத்திருந்த தாளை எடுத்துப் பார்த்துவிட்டான். படித்துக்கொண்டே வந்தவன் வாங்கு என்ற இடத்தில் நின்றான்.

"இதுல எனக்கு எடம் விட்டு வச்சிருக்கியாக்கா?"

"ஒன்னயத் தவிர எல்லாரும் இருக்காங்க. அது பொய்யிடா."

"நீயும் இருக்க. நின்னன்னு எழுதியிருக்க. கண்டன்னு எழுதல." அவன் கிட்டே வந்தான். "எந்திரிச்சதும் நான் யாரப் பாத்தேன்? நீ வேணாம்னா ஒரு சத்தம் போட்டிருப்ப. ஒரு 'டேய்' போதும், உக்காந்திருப்பேன். நீ என்னயப் பாத்த, தலயக் குனிஞ்ச. சரின்னு தலையாட்டுன மாதிரி இருந்துச்சு எனக்கு. இப்ப நான் மட்டும் போகணுமா?"

"நான் மணிக்கூட்டப் பாத்தேன் சதீசு."

"மணிக்கூடு!" அவன் அவள் வலது கையைப் பிடித்து, மணிக்கூட்டைப் பிய்த்துச் சுவரில் அடித்தான். சில்லு தெறித்தது. அப்படியும் கையை விடவில்லை. பேனா பிடிக்கிற மூன்று விரல்களில் இரண்டைச் சேர்த்துப் பின்னால் மடக்கினான். பச்சைத் தேயிலை மிலாறு ஒடிகிற சத்தம்தான் வந்தது. அவள் அலறியதைக் கேட்டு மூலையில் இருந்த பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டது. அதைக் கண்டதும் அவன் கை தானாக விட்டது. பிறகு பழைய சேலைக் கரையைக் கிழித்து, மூங்கில் சிம்பு வைத்து, உடைத்தவனே கட்டியும் விட்டான். கட்டும்போது அவன் கண்ணீர் அவள் மணிக்கட்டில் சொட்டியது. தாளைக் கிழிக்கவில்லை. அடுப்பிலும் போடவில்லை. எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனான்.

புதன்கிழமை முழுக்க அவள் எழுதினாள். பெருவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் இடையில் பேனாவைச் செருகி, ஒரு வரிக்குக் கால்மணி நேரம். முதலில் விட்ட இடம். வாங்கில், துஷாந்துக்கு வலது பக்கம்: சதீஸ்குமார், என் உடன்பிறந்த தம்பி. பிறகு நேரம். பிறகு நடந்தது. போன், சிரிப்பு, மூன்று வெட்டு, உருவியவன் யார், அமுக்கிப் பிடித்தவன் யார், படங்கு. மகஜரை எழுதியது நான், அது பொய். அதற்குப் பிறகு, யாரும் கேட்காத ஒரு வரி. எழுபத்துமூன்றாவது வினாடியில் நான் அவனைக் கண்டேன். தடுக்க நாற்பத்தேழு வினாடி இருந்தது. சத்தம் போடவில்லை. அடியில், எழுத்து கோணியிருப்பதற்கு மன்னிக்கவும், கை வீங்கியிருக்கிறது என்று சேர்த்தாள். எப்படி வீங்கியது என்று எழுதவில்லை. அது அந்தத் தேதியில் நடந்ததில்லை.

தோட்டத்துத் தபால் பை ஒப்பீசில் திறக்கப்பட்டுத்தான் போகும். ஆகவே வியாழக்கிழமை டவுனுக்குப் புறப்பட்டாள். புறப்படும் முன் இடது கையால் பலகை எழுதினாள். மே 29: ஐ.நா. அமைதி காப்போர் தினம். 1953: எவரெஸ்ட் சிகரத்தில் முதன்முதலில் மனிதர் கால் வைத்தனர். தோட்டத்து வரிக்கு வருஷத்தை மட்டும் எழுதி, புள்ளி வைத்து, சோக்கட்டியைக் கீழே வைத்தாள். தண்ணிப் பீலியடியில் சதீஸ்குமார் நின்றிருந்தான். குளித்து, சலவைச் சட்டை போட்டிருந்தான். பெரட்டுக்குப் போகிற உடுப்பு இல்லை அது.

"டவுனுக்கா?"

"ம்."

"கை வலிக்குதா?"

"வலிக்குது."

அவன் பாதையை விட்டு ஒதுங்கி நின்றான். வளைவில் திரும்பிப் பார்த்தபோதும் அங்கேயே நின்றான்.

பதுளைத் தபால் கந்தோரில் கவரின் வாயில் பசை தடவினாள். மடித்து அமுக்கப் போனால் விரல் நிற்கவில்லை. பசை விட்டுவிட்டுப் பிரிந்தது. கடைசியில் கவரை மேசையில் வைத்து, முழங்கையை அதன்மேல் ஊன்றி, உடம்புப் பாரத்தையெல்லாம் அதில் இறக்கினாள். எதிர்ச் சுவரில் மணிக்கூடு. வினாடி முள் பன்னிரண்டைத் தாண்டியது.

"அக்கா, ஒட்டியாச்சே, தாங்க" என்றாள் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண்.

"இன்னும் இருக்கு" என்றாள் கலாராணி, முள்ளை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

பின்னால் வரிசையில் யாரோ சலித்துக்கொண்டார்கள். முள் இரண்டு முறை சுற்றி வந்தது. அவள் முழங்கையை எடுத்துக் கவரை உள்ளே தள்ளினாள். அந்தப் பெண் அதைத் தராசில் நிறுத்தாள், முத்திரை ஒட்டினாள், தேதிச் சீலை மையில் ஒற்றித் தூக்கினாள். அது கவரில் இறங்கிய சத்தத்துக்குக் கலாராணியின் உடைந்த விரல்கள் கட்டுக்குள் ஒருதரம் துடித்தன. கவர் பின்னால் திறந்து கிடந்த பையில் விழுந்தது. ஒருவர் வந்து பையின் வாயைச் சுருட்டி, கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி, இழுத்து முடிந்தார்.