ஓடுகிற வண்டியில் வளைகாப்பு

சகாயம்மாளுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை வந்த ஆத்திரத்தில் நெமிலிச்சேரியே பற்றிக்கொண்டு எரிந்திருக்க வேண்டும். ஓடுகிற ரயிலில் வளைகாப்பாம்! யாருக்கு? அவளுடைய மருமகள் ஞானகுமாரிக்கு. செய்கிறவர்கள் யார்? அத்தையா, சித்தியா, நாத்தனாரா? ஒரு ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. காலையில் லேடீஸ் பெட்டியில் ஒன்றாக ஏறி அம்பத்தூரில் இறங்குகிற பொம்பளைகள். கேட்டால் சிநேகிதமாம். தூ!

அப்படி என்ன குறை வைத்துவிட்டாள் சகாயம்மாள்? ஞானகுமாரிக்கு முதல் இரண்டும் தங்கவில்லை. மூன்றாவது தங்கி, இப்போது ஏழாம் மாதம் நடக்கிறது. அம்பத்தூர் எஸ்டேட்டில் சட்டை தைக்கிற கம்பெனியில் உட்கார்ந்து பட்டன் தைத்துக்கொண்டிருந்தவளை, டாக்டரம்மா முழு ஓய்வு எடுக்கச் சொல்லிவிட்டார் என்று மகன் ஜேசுராஜ் போன மாதமே வேலையை விட்டு நிறுத்திவிட்டான். அன்றைக்கே சகாயம்மாள் முந்தானையை இழுத்துச் செருகினாள். குழாயடியில் தண்ணீர் அடிப்பதும், துணி துவைப்பதும், ஆட்டுக்கால் வாங்கி வந்து சூப்பு வைப்பதும் அவள்தான். பெற்ற மகளுக்குக்கூட இத்தனை செய்ததில்லை.

செய்து என்ன? அந்தப் பெண் தின்றால்தானே! சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக் கிடந்தாள். இரண்டு தரம் கேட்டால் ஒரு வார்த்தை வரும். காலையில் ரயில் ஊதுகிற சத்தம் கேட்டால் மட்டும் எழுந்துபோய்ப் பின்கதவைத் திறந்துகொண்டு நிற்பாள். வண்டி போனதும் மறுபடி வந்து படுப்பாள். ஒருநாள், “அத்தே, டாக்டரம்மா வேலைக்குப் போவக் கூடாதுன்னு சொல்லவேயில்லை” என்று மெல்ல ஆரம்பித்தாள். “ஊர் சுத்தறதுக்கு ஒரு சாக்கு வேணுமா உனக்கு?” என்று சகாயம்மாள் அதட்டியதில் அதுவும் நின்றுபோயிற்று.

இந்த லட்சணத்தில்தான் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து உட்கார்ந்த நேரத்தில் எல்லம்மா வாசலில் வந்து நின்றாள். திருநின்றவூர்க்காரி. அதே கம்பெனியில் இஸ்திரி போடுகிறவள். கையில் தாம்பாளம், அதில் பூ, சந்தனம், ஒரு டஜன் கண்ணாடி வளையல். வியாழக்கிழமை காலை வண்டியில் ஞானத்துக்கு வளைகாப்பு வைத்திருக்கிறோம், வீட்டில் எல்லாரும் வரவேண்டும் என்றாள். ஜேசுராஜ் அவளைப் படியேற விடவில்லை.

“ஓடுற வண்டில இன்னா வளைகாப்பு? ஏதாவுது ஆச்சின்னா யாரு பதில் சொல்றது? இனிமே ஊட்டாண்ட வந்துகினு இருக்காதீங்க” என்று கேட்டைச் சாத்தினான்.

ஞானகுமாரி ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. ராத்திரியும் சாப்பிடவில்லை. பார்த்துப் பார்த்துச் செய்த மீன் குழம்பு அப்படியே சட்டியில் கிடந்தது. சகாயம்மாளுக்கு வயிறு எரிந்தது. எவளோ ஒருத்தி தட்டைத் தூக்கிக்கொண்டு வந்ததற்கு இந்த வீட்டுச் சோறு இறங்க மாட்டேன் என்கிறதா? வயிற்றுப் பிள்ளைக்கு ஏதாவது ஆகட்டும், அவளுகளை உண்டு இல்லை என்று பண்ணிவிடுகிறேன்!

திங்கட்கிழமை காலை கொண்டையை முடிந்துகொண்டு ஸ்டேஷனுக்குப் போனாள். வண்டி வந்து நின்றது. லேடீஸ் பெட்டிக் கதவோரம் எல்லம்மாவின் தலை தெரிந்தது. “ஏய், கீழே எறங்குடி!” என்றாள் சகாயம்மாள். “நீ மேலே வாக்கா, காது கேக்கலை” என்றாள் அவள். வந்தால் என்ன, பயமா? சகாயம்மாள் விறுவிறுவென்று ஏறினாள். ஏறி, இடுப்பில் கையை வைத்து, “எங்க ஊட்டுப் பொண்ணுக்கு நீங்க யாருடி வளையல் போடறதுக்கு?” என்று முதல் கேள்வி கேட்டு முடிப்பதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது.

“ஐயோ மாதாவே! நிறுத்தச் சொல்லுடி! என்னாண்ட டிக்கெட்டுகூட இல்லைடி!”

பெட்டியே சிரித்தது. சகாயம்மாளுக்கு அவமானத்தில் உடம்பெல்லாம் கொதித்தது. கம்பி எட்டவில்லை, நிற்க முடியவில்லை. ஜன்னலோரத்தில் ஒரு இடம் காலியாக இருந்தது. அதில் ஒரு கைக்குட்டை மட்டும் விரித்துக் கிடந்தது. அத்தனை பேர் நெருக்கிக்கொண்டு நிற்கிறார்கள், ஒருத்தியும் அதில் உட்காரவில்லை.

“உக்காருக்கா. அது உங்க மருமவ எடம்தான்” என்றாள் எல்லம்மா.

“அவதான் ஒரு மாசமா வரலையே?”

“அதுக்கு? வந்தான்னா எங்க உக்காருவா? திருநின்றவூர்லயே ஏறி எடம் போட்டுர்றேன். தினம் ஒருத்தி சண்டைக்கு வரா. சனிக்கெழம வந்த பொண்ணு ஒண்ணு என் குடுமியையே புடிச்சிடுச்சி.”

சகாயம்மாள் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததால் கோபம் போய்விடுமா? இன்னும் ஏறியது. “இப்பிடி ஆசை காட்டித்தான் அவ மனசைக் கெடுத்து வெச்சிருக்கீங்க. டாக்டரம்மா அசையாம படுக்கச் சொல்லியிருக்காங்க, தெரியுமா?” என்றாள்.

எல்லம்மாவின் முகத்திலிருந்து சிரிப்பு போயிற்று.

“யாருக்கா சொன்னது? ஆஸ்பத்திரில ஆம்பளைங்கள உள்ள உடலை. உங்க புள்ள கேட்டாண்ட நின்னுகினு இருந்தாரு. ஞானம் கையைப் புடிச்சிகினு உள்ள போனவ நானு. அந்தம்மா இன்னா சொன்னாங்க? வெயிட்டு தூக்காத, உக்காந்து செய்யற வேலைன்னா எட்டு மாசம் வரைக்கும் தாராளமா போ, ஊட்டுல தனியா கெடந்து பயந்துகினு கீறதுதான் ஆவாது, மனசு உட்டுப் பேசறதுக்கு ஆளுங்களோட இருன்னாங்க. என் காதால கேட்டேன். அத உங்க புள்ளையாண்டயும் சொன்னேன்.”

“பேசறதுக்கு நான் இல்லையா ஊட்டுல?” என்றாள் சகாயம்மாள்.

எல்லம்மாவும் விடவில்லை. அவளுக்கும் ஒரு மாதத்துக் கோபம் இருந்தது. “ரெண்டாவது போச்சே, அப்போ அவளுக்கு நீ இன்னா சொன்ன? அழாதடி, ஊரு சிரிக்கும்னு சொன்ன. ஊட்டுல அழ முடியாத பொண்ணு இந்தா, இந்த ஜன்னலாண்ட உக்காந்து ஆவடி வரைக்கும் அழும். நாங்க சுத்தி நின்னு மறைச்சிக்குவோம். ஆவடி வந்ததும் மூஞ்சியைத் தொடைச்சி உட்டு, பார்வதம் கொணாந்த இட்லியை ஊட்டி, ஏதாவுது கிண்டல் பண்ணி சிரிக்க வெச்சி வேலைக்கு இட்டுகினு போவோம். அப்பிடித்தான் அவ மறுபடி மனுசியானா. நாங்க யாருன்னு கேட்டியே, இதுதான் நாங்க.”

சகாயம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆமாம், சொன்னாள்தான். அவளுடைய புருஷன் போனபோது அவளுக்கும் அதைத்தானே சொன்னார்கள். ஆவடியில் பார்வதம் ஏறினாள். கோவில்பதாகைக்காரி, வாட்டசாட்டமான பெண். யார், என்ன என்றுகூடக் கேட்காமல் இரண்டு இட்லியை மிளகாய்ப்பொடியோடு இலையில் வைத்து மடியில் வைத்தாள். காலையில் இருந்து பச்சைத்தண்ணீர் குடிக்காத வயிறு. சகாயம்மாள் தின்றாள். அவள் சாப்பிட்டாளா என்று பார்த்து ஒரு ஆள் சோறு வைத்து எத்தனை காலம் ஆயிற்று!

அம்பத்தூரில் அவளை இறக்கி, திரும்பிப் போக டிக்கெட்டும் எடுத்துக் கொடுத்து, கம்பெனி சங்கு ஊதிவிட்டது என்று அவர்கள் ஓடினார்கள்.

சாயங்காலம் ஜேசுராஜ் சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே நுழைந்ததுதான் தாமதம்.

“டாக்டரம்மா உன்கிட்ட என்னடா சொன்னாங்க?”

அவன் விழித்தான். “ரெஸ்ட்டு...”

“பொய் சொன்னே, செருப்பு பிஞ்சிடும்! நீதான் உள்ளேயே போகலையே!”

ஜேசுராஜ் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான். “ரெண்டு தபா பறிகுடுத்தாச்சிம்மா. மூணாவதும் போச்சின்னா நான் தாங்க மாட்டேன். அதான் பத்திரமா ஊட்டுல வெச்சிக்கலாம்னு...”

“பயம் உனக்கு, ஜெயில் அவளுக்கா? உங்கப்பா செத்தப்போ என்னையும் இப்பிடித்தானே பத்திரமா வெச்சீங்க! கோயில் சபைக்குப் போகாதே, விசேஷத்துக்குப் போகாதே, வெயில்ல அலையாதேன்னு! சோறு போட்டீங்கடா, இல்லைங்கலை. ஒரு நாளாவது எவனாவது பக்கத்துல உக்காந்து பேசினீங்களா? நானும் சூப்பு வெச்சுக் குடுத்தா ஆச்சின்னு அதையே இந்தப் பொண்ணுக்குச் செஞ்சிருக்கேன் பாரு, என்னைச் சொல்லணும்!”

உள்ளேயிருந்து விசும்பல் கேட்டது. சகாயம்மாள் போனாள். ஞானகுமாரி சட்டென்று கண்ணைத் துடைத்தாள்.

“தொடைக்காதே. அழு” என்று பக்கத்தில் உட்கார்ந்தாள் மாமியார். “நல்லா அழுதுட்டு அப்புறமா சாப்பிடு. நானும் இன்னும் சாப்பிடலை.”

வியாழக்கிழமை விடியுமுன்பே எழுந்து புளிச்சாதம், எலுமிச்சம்பழச் சாதம், தேங்காய்ச் சாதம், தயிர்ச்சாதம் என்று தூக்குகளில் அடைத்தாள். ஜேசுராஜ் தூக்குகளைச் சுமந்து வந்து பெட்டியில் ஏற்றிவிட்டு, ஆண்கள் பெட்டிக்கு ஓடினான்.

ஞானகுமாரி ஏறியதும் பெட்டியில் எழுந்த கூச்சல் இருக்கிறதே, திருவிழாதான். கம்பியெல்லாம் கனகாம்பரம் சுற்றியிருந்தார்கள். ஜன்னலோர இடத்தில் அவளை உட்கார வைத்து, கன்னத்தில் சந்தனம் பூசினார்கள். ஒரு மாதமாகக் காணாமல் போயிருந்த சிரிப்பு அந்த முகத்தில் தானாக வந்து உட்கார்ந்தது. சகாயம்மாள் அதைப் பார்த்தாள், போதும் என்று இருந்தது. வழக்கப்படி பின்னால் நகர்ந்து, தூக்குகளுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.

“மொத வளையல் மாமியாருதான். எங்க அவங்க?” என்றாள் எல்லம்மா.

“நான் வேணாம்டி. தாலியில்லாதவ. நல்ல காரியத்துல...”

“நானுந்தான் இல்லாதவ. பார்வதத்தை அவ புருஷன் உட்டுட்டுப் போயி வருஷம் ஆவுது. அதெல்லாம் பாத்தா இந்தப் பொட்டில பாதிப்பேரு எறங்கணும். வாக்கா, அண்ணனூர் தாண்டிடுச்சி!”

யாரோ கையைப் பிடித்து இழுத்து அவளை முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஞானகுமாரி கையை நீட்டிக்கொண்டு காத்திருந்தாள்.

சகாயம்மாளுக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது, இத்தனை நாளில் வராத கோபம். பெற்ற மகளின் வளைகாப்புக்கு விடிய விடியச் சமைத்துவிட்டு அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்றாளே! சொந்தம், பந்தம், பங்காளி என்று அத்தனை பேர் இருந்தார்களே, அத்தனையும் மாதாவைக் கும்பிடுகிற வேதக்காரச் சனம்தானே, வாம்மா என்று ஒரு வாய் கூப்பிட்டதா? யாரென்றே தெரியாத இவளுகள் கூப்பிடுகிறார்கள். அட நாசமாய்ப் போன சொந்தங்களா!

நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். பச்சை வளையலை எடுத்து, மருமகளின் கையைக் குவித்துப் பிடித்து, வண்டியின் ஆட்டத்துக்கு ஈடு கொடுத்து மெல்லத் தள்ளினாள். உடையாமல் ஏறியது. பெண்கள் குலவை போட்டார்கள். எல்லம்மா அடுத்த வளையலைப் போடக் கையை நீட்டினாள்.

“இருடி, அவசரம்!” என்றாள் சகாயம்மாள், நகராமல். “எங்க ஞானம், இன்னொரு கையையும் குடு.”