கழுவாத குவளை

பராங்குசம் வாத்தியாருக்குச் சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு பேர் உண்டு. சோதனைச் சாமான் வாங்கப் பள்ளிக்கூடத்தில் வசதி இல்லையா, கவலையே இல்லை. மஞ்சளையும் சுண்ணாம்பையும் புளியையும் வைத்தே ரசாயனம் நடத்திவிடுவார். மற்ற வாத்தியார்களுக்கென்று ஒரு நோட்டில் யோசனைகள் எழுதி வைத்திருந்தார். முதல் யோசனையே, ஒவ்வொரு சோதனைக்கும் முன்னால் குவளையைக் கழுவ வேண்டும் என்பதுதான்.

ஊருக்கெல்லாம் சொன்ன மனுஷன் அந்தப் புதன்கிழமை தானே கழுவவில்லை. நாலாம் பாரத்துக்குச் செப்புக் கம்பித் துணுக்குகளைத் தட்டாரிடம் வாங்கிய திராவகத்தில் போட்டு நீல நிறம் காட்டினார். அடுத்த மணி ஐந்தாம் பாரம். அதற்குள் தெருமுனையில் நாகசுரம் கேட்டுவிட்டது, பெருமாள் புறப்பாடு! சேவிக்க ஓட வேண்டுமே என்ற அவசரத்தில் குவளையைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு, அதிலேயே புதுத் திராவகத்தை ஊற்றினார். நெசவுக்காரர் தணிகாசலத்தின் மகன் துரைக்கண்ணு வீட்டுத் தறியிலிருந்து கொண்டுவந்த ஜரிகைத் துண்டை உள்ளே போட்டார். நல்ல வெள்ளி ஜரிகையானால் நிறம் மாறாது என்று சொல்லி வாய் மூடவில்லை, நீலம் பாரித்தது. இதில் செம்புதான் இருக்கிறது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, அங்கவஸ்திரத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடினார்.

ஜரிகையை நெசவுக்குக் கொடுப்பது முதலாளி. தறியில் செம்பு இருந்தால் நெய்கிறவன் நல்லதை எடுத்துக்கொண்டு போலியை வைத்தான் என்றுதானே அர்த்தம்? முதலாளி வரதராஜனின் தம்பி மகன் அதே வகுப்பில் உட்கார்ந்திருந்தான். பொழுது சாய்வதற்குள் ஆள் வந்து, பாதி நெய்த பாவு நூலைத் தறியிலிருந்து அறுத்துக்கொண்டு போய்விட்டான்.

மறுநாள் காலை அந்தச் சேதி வாத்தியார் காதுக்கு வந்தது. துரைக்கண்ணு பள்ளிக்கு வரவில்லை. குவளையை எடுத்துப் பார்த்தார். அடியில் நாலாம் பாரத்துச் செப்புத் துணுக்கு, பாதி கரைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. பேசாமல் கழுவி வைத்துவிட்டால் ஈ காக்கைக்குத் தெரியாது. அப்படியும் ஒரு கணம் நினைத்தார், பாவி. அந்த நினைப்புக்காகவே தன்னைச் செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

நேரே போய் வரதராஜனைக் கையோடு தணிகாசலம் வீட்டுக்கு அழைத்து வந்தார். தெருவே கூடி நிற்க, குவளையை மூன்று தரம் கழுவினார். புதுத் திராவகம் ஊற்றி, அதே ஜரிகையில் மிச்சமிருந்ததைப் போட்டார். நிறம் மாறவில்லை.

"தப்பு ஜரிகையில இல்லை, என்கிட்ட. நான் குவளையைக் கழுவலை" என்றார்.

வரதராஜன் முகம் சுண்டிப்போய், இன்றைக்கே பாவு நூலைத் திருப்பி அனுப்புவதாகச் சொன்னார். தணிகாசலம் வெறும் தறியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாவ திரும்பப் பிணைச்சிக்கலாம் சாமி. நேத்து எம் புள்ள அழுதுக்கினே வந்து, 'நெஜமாவே மாத்திட்டியா நைனா'ன்னு கேட்டான். இல்லடான்னேன். 'வாத்தியார் சோதிச்சுப் பாத்துதானே சொன்னாரு'ன்னான். அதுக்கு நான் இன்னா பண்றது?"

துரைக்கண்ணு கதவோரம் தலை குனிந்து நின்றான்.