கதவருகே சொல்ல வேண்டிய சொல்

என் வீட்டுக்காரர் குதிக்காமலேயே இரண்டு தடவை கேக் வாங்கியவர். எங்கள் பாராசூட் கிளப்பில் அப்படி ஒரு ஆள் அதற்கு முன்னும் கிடையாது, பின்னும் கிடையாது.

கிளப்பில் ஒரு வழக்கம். யார் எதை முதல்முறையாகச் செய்தாலும் அன்று எல்லோருக்கும் கேக் வாங்கித் தரவேண்டும். முதல் முறை குதித்தால் கேக், முதல் முறை மரத்தில் மாட்டிக்கொண்டாலும் கேக். இவர் முன்ஜாக்கிரதைக்காரர். காலையிலேயே வாங்கிவந்து பிரிட்ஜில் வைத்துவிட்டு விமானத்தில் ஏறினார். குதிக்காமல் அதே விமானத்தில் இறங்கினார். வாங்கிய கேக்கை என்ன செய்வது? தின்றார்கள். அடுத்த தடவையும் அப்படியே தின்றார்கள். எங்கள் கிளப் ஆட்களுக்குச் சூடு சொரணை கிடையாது.

நான் அந்தக் கிளப்பில் பாராசூட் மடிக்கிறவள். மாணவர்களை மேலே கூட்டிப்போய் விமானக் கதவிலிருந்து அனுப்புகிறவளும் நான்தான். எல்லோரையும் அனுப்பிவிட்டுக் கடைசியில் நானும் குதிப்பேன்; யாராவது மறுத்தால் மட்டும் அவரோடு விமானத்திலேயே இறங்குவேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் என்பார்கள். மார்புப் பட்டையை முறுக்கி மாட்டிக்கொண்டு ஈ என்று இளித்துக்கொண்டு ஒருத்தன் வந்து நின்றால் கோபம் வராமல் கொஞ்சலா வரும்? மேலே போனபிறகு திட்ட நேரமிருக்காது. அதனால் தரையிலேயே திட்டித் தீர்த்துவிடுவேன். நான் திட்டிய யாரும் இதுவரை எலும்பு முறித்துக்கொண்டதில்லை.

இவர் சலூன் வைத்திருக்கிறார். தினமும் காலையில் வீட்டுக் கதவருகே நின்று சட்டைப்பையைத் தட்டிப்பார்ப்பார், சலூன் சாவி இருக்கிறதா என்று. நான் அடுக்களையிலிருந்தே “போயிட்டு வாங்க” என்பேன். “வரேன்” என்று சொல்லிப் படியிறங்குவார். சண்டை போட்டிருக்கும் நாட்களிலும் இது தவறாது. முகத்தைத் திருப்பிக்கொண்டு சொல்வேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒருநாள் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “ஞாயித்துக்கிழமையானா நீ மேல, நான் கீழ. அண்ணாந்து பாத்துப் பாத்துக் கழுத்து சுளுக்கினதுதான் மிச்சம். அங்கேருந்து நீ அப்படி என்னத்தத்தான் பாக்குறன்னு நானும் ஒருதடவ பாத்துடணும்.”

நாற்காலிமேல் ஏறிப் பல்பு மாட்டவே யோசிக்கிற மனுஷன் இவர். சிரித்துவிட்டேன். ஆனால் உள்ளுக்குள் எனக்கு அவ்வளவு சந்தோஷம். அதை அவரிடம் காட்டவில்லை. காட்டினால் தலைமேல் ஏறி உட்கார்ந்துகொள்வார்.

பயிற்சி கொடுத்தது கொக்கி. எங்கள் தலைமைப் பயிற்சியாளருக்குக் கிளப்பில் அதுதான் பெயர். புதிதாகக் குதிப்பவரின் பாராசூட்டோடு ஒரு நீளமான பட்டை இணைந்திருக்கும். அதன் மறுமுனையை விமானத்துக்குள் கொக்கியில் மாட்டியிருப்போம். ஆள் வெளியே போனதும் பட்டை இழுத்துப் பாராசூட்டைத் தானாகத் திறந்துவிடும். “கொக்கி மாட்டியாச்சா?” என்று கேட்டுக் கேட்டே அவருக்கு அந்தப் பெயர். கல்யாண வீட்டுப் பந்தியில் பார்த்தாலும் நலம் விசாரிக்கமாட்டார், அதைத்தான் கேட்பார்.

“தம்பி, கதவுல உக்காந்து ரெண்டு காலையும் வெளிய போடணும்,” என்றார் கொக்கி. “அனுப்புறவங்க ‘போ’ம்பாங்க. ஒரே எழுத்து. அதுக்கு மேல சொன்னா காத்து தின்னுடும். கேட்டதும் போயிடணும். ஆனா ஒண்ணு, இங்க யாரும் யாரையும் தள்ளமாட்டோம். உங்க மனசாலதான் நீங்க போகணும்.”

இவர் வீட்டில் முக்காலிமேல் உட்கார்ந்து ‘போ’ என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு தொப்பென்று குதித்து உருண்டு பழகினார். கீழ்வீட்டு அம்மா ஏறிவந்து, “மேல என்ன, மூட்டை எறக்குறீங்களா?” என்று கேட்டுவிட்டுப் போனாள்.

முதல் தடவை எல்லாம் சரியாகத்தான் நடந்தது. அவருடைய பாராசூட்டை நானே மடித்தேன். கயிறுகளைச் சிக்கில்லாமல் நீவி, துணியை விசிறிபோல் மடித்துப் பையில் அடைத்து முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். “தலமுடி வகிடு மாதிரி நேரா எடுக்குற,” என்று பாராட்டினார். தரையில் ஒருமுறை, ஏறுவதற்கு முன் ஒருமுறை, கதவு திறப்பதற்கு முன் ஒருமுறை எல்லாப் பட்டைகளையும் சரிபார்த்தேன். கதவில் உட்கார்ந்தார். காலை வெளியே போட்டார். நான் தொண்டை கிழியக் கத்தினேன்.

“போங்க!”

கட்டின புருஷனைப் ‘போ’ என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை. வாய் தானாக ‘ங்க’ சேர்த்துவிட்டது. அவர் திரும்பி என்னைப் பார்த்தார். முகம் சுருங்கிப்போயிற்று. காலை உள்ளே இழுத்துக்கொண்டு ஓரமாகப் போய் உட்கார்ந்துவிட்டார்.

“என்னங்க ஆச்சு?” என்று தரையில் கேட்டேன்.

“நீதான சலிச்சுக்கிட்ட?”

“நானா?”

“அட போங்கன்ன. உங்களுக்கு இதெல்லாம் எங்க வரப்போகுதுங்குற மாதிரி.”

யோசித்துப் பார்த்தேன். மனுஷன் சொல்வதில் நியாயம் இருந்தது. குழாயை மூட மறந்தால் ‘அட போங்க’ என்பேன். அசட்டு ஜோக் அடித்தால் ‘அட போங்க’ என்பேன். இந்தச் சட்டையில் நீ நல்லா இருக்கே என்றால் அப்போதும் ‘அட, போங்க’தான். இவற்றில் எதற்கும் போ என்று அர்த்தமில்லை. கடைசியாகச் சொன்னதற்கு, போகாதீங்க என்றுகூட அர்த்தம்.

கொக்கி என்னைப் பிடித்துக்கொண்டார். “பாடத்துல ‘ங்க’ இருக்கா? இருக்காம்மா? நீயே இப்படிப் பண்ணலாமா?”

அதனால் இரண்டாம் தடவை பாடத்தில் உள்ளபடியே கத்தினேன். “போ!”

வெடுக்கென்று திரும்பினார். இரைச்சலில் குரல் கேட்கவில்லை. ஆனால் உதடு அசைந்தது தெளிவாகத் தெரிந்தது: “என்னது?” அடுத்து, “மரியாத!” கால் உள்ளே வந்துவிட்டது. விமானம் இறங்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காரில் போகும்போது சண்டை பிடித்துக்கொண்டோம்.

“போவாம்ல, போ! எங்கம்மாகூட வாசல்ல வச்சு என்னப் ‘போ’ன்னு சொன்னதில்ல.”

“கொக்கி நூறு தடவ சொன்னாரே, அப்ப மட்டும் இனிச்சுதா?”

“அவரு வாத்தியாரு. நீ பொண்டாட்டி.”

“ஐயோ கடவுளே! ஒருமையா பன்மையான்னு பாத்து எவனாவது குதிப்பானா? ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். பயமா இருக்குன்னு சொல்லுங்களேன்!”

அப்புறம் மெல்லச் சொன்னார்: “பயம்தான். அந்தக் கதவுல உக்காந்தா எனக்குன்னு உலகத்துல யாருமே இல்லாத மாதிரி இருக்கு. அப்பப் பாத்து நீயும் வேத்தாள் மாதிரி கத்துற.”



இதற்கிடையில் சலூனில் வேறு கூத்து. முதல் தடவை போய்வந்த மறுநாள், ஒரு வாடிக்கையாளர் கண்ணாடி வழியாக “எப்படி இருந்துச்சு?” என்று கேட்டிருக்கிறார். இவர், “மேல காத்து பலமா இருந்துச்சு,” என்றிருக்கிறார். பொய்யில்லை. ஆனால் கேட்டவர் குதித்துவிட்டார் என்றே எடுத்துக்கொண்டார். இவரும் வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு மறுக்காமல் விட்டுவிட்டார். அப்புறம் கேட்கவேண்டுமா? ஒவ்வொரு முடிவெட்டுக்கும் கதை ஒரு ஆயிரம் அடி உயர்ந்தது. சும்மாவந்தேன் என்று ஒரு மனிதர் உண்டு. தலையில் ஒரு முடிகூடக் கிடையாது. “சும்மா வந்தேன்” என்று சொல்லிக்கொண்டே நுழைந்து நாள் முழுக்க பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். அவர்தான் விளம்பரத் துறை. “அடுத்த ஞாயித்துக்கிழமை நாங்க எல்லாரும் வந்து பாக்கப்போறோம்,” என்று அவரே முடிவும் செய்துவிட்டார்.

கொக்கி வேறு சொல்லிவிட்டார்: “மூணாவது தடவையும் கதவுலேருந்து திரும்பினா, அப்புறம் கூட்டிட்டுப் போறதில்லம்மா. கோவத்துல சொல்லல. கதவுல தடுமாறுற ஆளால அவருக்கும் ஆபத்து, கூட வர்றவங்களுக்கும் ஆபத்து.” சற்று யோசித்துவிட்டு இவரிடம், “தம்பி, வேணும்னா இந்தத் தடவ நான் மேல வரேன். அவங்க கீழ நின்னு ரேடியோவுல உங்களுக்கு வழி சொல்லட்டும்,” என்றார்.

“வேண்டாங்க. மடிச்சவ அவ. அனுப்புறதும் அவளே அனுப்பட்டும்,” என்றார் இவர்.

ஞாயிற்றுக்கிழமை மடக்கு நாற்காலிகளோடு சலூன் கூட்டம் வந்து இறங்கியது. கேக் மட்டும் இந்தத் தடவை வரவில்லை. “ராசியில்ல,” என்றுவிட்டார் இவர்.

விமானம் ஏற ஏற எனக்கு ஒரே யோசனை. ‘போங்க’ என்றால் சலிப்பு. ‘போ’ என்றால் அவமரியாதை. ‘குதி’ என்று சொன்னால் கொக்கி என்னைக் கொன்றுவிடுவார். இது நடக்காவிட்டால் இவர் வாழ்நாள் முழுக்கக் கீழேயே நிற்பார். வாடிக்கையாளர்கள் கேலி செய்வதை ஒரு மாதத்தில் துடைத்துப் போட்டுவிடுவார். ஆனால் என்னை அண்ணாந்து பார்க்கிற ஒவ்வொரு ஞாயிறும் இது அவருக்கு வலிக்கும். எனக்கும் வலிக்கும்.

கொக்கி மாட்டினேன். இழுத்துப் பார்த்தேன். அவரையும் இழுத்துப் பார்க்கச் சொன்னேன். கதவு திறந்தது. உட்கார்ந்து காலை வெளியே போட்டார். விமானி எஞ்சினைத் தணித்தார். இவர் முகம் சுண்ணாம்பு அடித்த சுவர்போல் வெளுத்திருந்தது. நான் வாயைத் திறந்தேன். எந்தச் சொல்லும் வரவில்லை.

அப்போது இவர் கையைத் தூக்கி நெஞ்சைத் தட்டிப்பார்த்தார். பட்டையைத்தான் பார்த்தாரோ, பழக்கதோஷத்தில் சலூன் சாவியைத்தான் தேடினாரோ தெரியாது. அதைப் பார்த்ததும் என் வாய் என்னைக் கேட்காமல் கத்திவிட்டது:

“போயிட்டு வாங்க!”

“வரேன்,” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவ்வளவுதான். வீட்டுப் படியிறங்குவதுபோலப் போய்விட்டார். பட்டை விறைத்தது. துணி படபடத்து விரிந்தது. நாலு மூலையும் ஒழுங்காக நின்றது. எத்தனையோ பேரை அனுப்பியிருக்கிறேன். பெற்றவர்களும் கட்டியவர்களும் கீழே நின்று பார்க்கும்போது அவர்கள் என்ன பாடுபடுவார்கள் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. கதவில் கவிழ்ந்து படுத்து, தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

“நீங்க குதிக்கலியா?” என்று விமானி கத்தினார்.

“வாய மூடிக்கிட்டு எறக்கு!” என்றேன்.

கீழே நடந்ததைச் சும்மாவந்தேன்தான் பிறகு சொன்னார். கொக்கி ரேடியோவில் ‘இடது, இடது’ என்று கதறியிருக்கிறார். இவர் வலது பக்கம் திரும்பியிருக்கிறார். ஆயுள் முழுக்கக் கண்ணாடியில் பார்த்துக் காது ஓரம் வெட்டுகிறவருக்கு இடது எது, வலது எது? மைதானத்தைத் தாண்டிப் பக்கத்து முட்டைக்கோஸ் தோட்டத்தில் போய் உட்கார்ந்தார். ஒரு கீறல்கூட இல்லை. நஷ்டமெல்லாம் முட்டைக்கோஸுக்குத்தான்.

நான் விமானத்திலிருந்து இறங்கியபோது கொக்கி இடுப்பில் கைவைத்து நின்றிருந்தார்.

“என்ன சொல்லி அனுப்பின?”

சொன்னேன். விரல் விட்டு எண்ணினார். “ஒரு எழுத்துக்கு ஏழு எழுத்து! பாடத்துல இருக்கா இது?” என்று ஆரம்பித்தவர், திடீரென்று என்னை ஏற இறங்கப் பார்த்தார். “இரு, இரு. நீ ஏன் விமானத்துல எறங்கின? ஆள அனுப்பிட்டு நீ குதிக்காம எறங்கிட்டியா? இதானே உனக்கு முதல் தடவ?”

கிளப் முழுக்கக் ‘கேக்! கேக்!’ என்று கூவியது. சொன்னேனே, சொரணை கெட்ட கூட்டம்.

அதற்குள் இவர் பாராசூட்டை இரண்டு கையாலும் அள்ளி அணைத்துக்கொண்டு வந்தார். தோளில் ஒரு முட்டைக்கோஸ் இலை ஒட்டியிருந்தது. பின்னால் சலூன் கூட்டம். என் முன்னால் வந்து நின்று, “வந்துட்டேன்,” என்றார்.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அதை மறைக்க இலையைத் தட்டிவிட்டேன். “என்னமோ பாக்கணும்னீங்களே, பாத்தீங்களா? ஆறு, ரோடு, எல்லாம் எப்படி இருந்துச்சு?”

“அதையெல்லாம் எங்க பாத்தேன்?” என்றார். “அங்கேருந்து நீ தலைய நீட்டி என்னையே பாத்துக்கிட்டு இருந்த. கொக்கி ‘கீழ பாரு, கீழ பாரு’ன்னு கத்துறாரு. மேல போயும் நான் உன்னத்தான் அண்ணாந்து பாத்துக்கிட்டு இருந்தேன்.”

“அட, போங்க,” என்றேன்.

இந்தத் தடவை சரியாகப் புரிந்துகொண்டார். போகவில்லை.