பின்வாசலுக்கு எத்தனை பேர்

அடுத்த வீட்டுக்காரர்கள் பல் டாக்டரிடம் போய்விட்டுத் திரும்புவதற்குள், பட்டப்பகலில், எவனோ பின்கதவின் தாழ்ப்பாளை நெம்பி உள்ளே புகுந்து பீரோவைத் துடைத்துவிட்டுப் போயிருந்தான். அன்று மாலையே அப்பா தீர்ப்புச் சொல்லிவிட்டார். வீட்டுக்கு அலாரம் வைக்க வேண்டும். எது நல்லது என்று சின்னவள் விசாரித்துச் சொல்ல வேண்டும்.

சின்னவளுக்கு இது கரும்பு தின்னக் கூலி கொடுத்த மாதிரி. பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை, சாயங்காலம் கணக்கியல் வகுப்பு. இரண்டுக்கும் நடுவில் மூன்று கடை ஏறி இறங்கினாள். மின்சாரம் போனால் என்ன ஆகும், சுவரில் ஓட்டை போட வேண்டுமா, சத்தம் தெருமுனை வரை கேட்குமா என்று எல்லாக் கடையிலும் ஒரே வரிசையில் கேட்டாள். வீட்டுக்கு வந்ததும், கேட்ட விதமே தப்போ என்று தோன்றும். மறுநாள் போய்த் திரும்பவும் கேட்பாள். அவள் தலை தெரிந்ததுமே இரண்டாவது கடைக்காரர் நாற்காலியை இழுத்துப் போட ஆரம்பித்துவிட்டார்.

"உட்காருங்க மேடம். இன்னைக்கு என்ன சந்தேகம்?"

வீட்டில் அப்பாவுக்கு இருந்தது ஒரே ஒரு நிபந்தனை. பார்சல் அலுவலகத்தில் மேற்பார்வை வேலை அவருக்கு. "எந்தக் கதவு திறந்தாலும் என் போன்ல வரணும். ஆபீஸ்ல உக்காந்தபடியே எனக்குத் தெரியணும்" என்றார்.

அம்மாவின் நிபந்தனைதான் விசித்திரமாக இருந்தது.

"முன்வாசலுக்கு வைங்க, ஜன்னலுக்கு வைங்க. பின்வாசலுக்கு எதுக்கு?"

"அடுத்த வீட்டுல அந்த வழியாத்தானேம்மா வந்தான்?"

"அவங்களோடது சொத்தைக் கதவு."

"நம்மளோடது மட்டும் கோட்டைக் கதவா?"

"பூனை வந்து தள்ளும்டி. பொழுதன்னைக்கும் கத்திக்கிட்டே கிடக்கும்."

"நம்ம தெருவுல பூனையே கிடையாதேம்மா."

"இனிமே வரும்" என்று சொல்லிவிட்டு அம்மா துணி மடிக்கப் போய்விட்டாள்.

இரண்டாவது கடைக்காரர் ஒரு சின்னக் கருவியை வெள்ளோட்டம் பார்க்கக் கொடுத்தார். ஒரு துண்டைக் கதவிலும் இன்னொரு துண்டை நிலையிலும் ஒட்ட வேண்டும். கதவு திறந்து இரண்டும் விலகினால் போனுக்குச் செய்தி வரும். சொன்னால் பூனைப் புராணம் மறுபடி ஆரம்பிக்குமே என்று, சின்னவள் அம்மாவிடம் மூச்சுக் காட்டாமல் பின்கதவின் மேல்மூலையில் அதை ஒட்டினாள். இப்போதைக்குத் தன் போனுக்கு மட்டும் செய்தி வரும்படி வைத்துக்கொண்டாள்.

மறுநாள் நடுப்பகலில், ஒரு பெரியவருக்குக் கண்ணாடியை மாட்டி அளவு பார்த்துக்கொண்டிருந்தபோது போன் துடித்தது. பின்கதவு திறந்திருக்கிறது. ஓரமாகப் போய் அம்மாவைக் கூப்பிட்டாள்.

"என்னம்மா பண்றே?"

"படுத்திருக்கேன்டி."

"பின்கதவு?"

"பூட்டித்தான் கிடக்கு. எதுக்குக் கேக்கறே?"

"சும்மாத்தான்."

ஒட்டியது கோணலாகிவிட்டது என்று முடிவு கட்டினாள். எதைச் செய்தாலும் முதல் குற்றவாளி அவள்தான், அவள் கணக்கில். இரவு அம்மா தூங்கியதும் ஸ்கேல் வைத்து நேராக ஒட்டினாள். மறுநாளும் அதே வேளைக்கு அதே செய்தி வந்தது. கோணல் இல்லையென்றால், அம்மா தூங்கிக்கொண்டிருக்கும் வீட்டுக்குள் எவனோ நுழைந்திருக்கிறான். முதலாளியிடம் பாதி வார்த்தை சொல்லி, மீதியைச் சொல்லாமலே ஓடினாள். பின்சந்தில் ஒரு பள்ளிக்கூட வேன் வழியை அடைத்து நின்றது. அதை ஒட்டி நுழைந்து, குடையை ஓங்கிப் பிடித்தபடி கதவைத் தள்ளினாள்.

சமையலறையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து அவள் அண்ணன், வீட்டின் பெரியவன், சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பக்கத்தில் கரண்டியோடு அம்மா.

"வாங்க இன்ஸ்பெக்டரம்மா" என்றான் அண்ணன். "துப்பாக்கி கிடைக்கலையா? குடையோட வந்திருக்கீங்க?"

சின்னவளுக்கு மூச்சு திரும்பவே நேரமாயிற்று. குடையை இறக்கிவிட்டு அம்மாவைப் பார்த்தாள்.

"ஏம்மா, இதுதான் உன் பூனையா?"

அம்மா கரண்டியை வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அப்பா மேலாளரின் காலில் விழாத குறையாகக் கெஞ்சித் தன் அலுவலகத்திலேயே மகனுக்கு வேலை வாங்கிக் கொடுத்திருந்தார். இரண்டாம் மாதமே, வீட்டில் ஒரு வார்த்தை சொல்லாமல், பெரியவன் அதை உதறிவிட்டுப் பள்ளிக்கூட வேன் ஓட்டப் போய்விட்டான். அப்பாவுக்கு விஷயம் தெரிந்ததே கூட வேலை பார்ப்பவர்கள் சிரித்தபோதுதான். "என் மூஞ்சில கரியைப் பூசினவன் இந்தப் படி ஏறக் கூடாது" என்று அன்று சொன்னவர், அதன் பிறகு அவனைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டார். பெரியவன் இரண்டு தெரு தள்ளி அறை எடுத்துத் தங்கினான். காலைச் சவாரிக்கும் சாயங்காலச் சவாரிக்கும் இடையில் அவன் எங்கே சாப்பிடுகிறான் என்று சின்னவள் கேட்டதே இல்லை.

கருவியைக் காட்டி விஷயத்தைச் சொன்னாள். நிஜ அலாரம் வந்துவிட்டால் செய்தி அப்பாவின் போனுக்குத்தான் போகும்.

"அப்போ பின்கதவுக்கு வேண்டாம்னு சொல்லிடுடி" என்றாள் அம்மா. "நீ சொன்னா கேப்பார். கடைகடையா அலைஞ்சவ நீதானே."

"வைக்கணும்மா" என்றான் பெரியவன். கேலி போயிருந்தது. "பகல் பூரா நீ தனியா இருக்கே. நான் தட்டினா யாருன்னு கூடக் கேக்காம தொறக்கறே. நாளைக்கு வேற எவனாவது தட்டினா? சாப்பாட்டை நான் வெளியில பார்த்துக்கறேன்."

"என்னத்தைப் பார்த்துக்குவே? ஆளே துரும்பா இளைச்சுப் போயிட்டே."

அவன் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனான். அன்று வகுப்பில் ஆசிரியர் சொன்ன ஒன்றும் சின்னவளுக்கு ஏறவில்லை. அந்தக் கதவுக்கு வேண்டாம் என்றால் அம்மாவுக்குப் பாதுகாப்பில்லை. வேண்டும் என்றால் அம்மாவுக்கு மகன் இல்லை. எப்படிக் கூட்டினாலும் கணக்கு இடித்தது. பெரியவன் பிடித்த பிடியில் நின்றான். அதன் பிறகு அந்தக் கதவு பகலில் திறக்கவில்லை. அம்மா மட்டும் தினமும் நாலு பேருக்குச் சமைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அலாரக்காரர் கருவிப் பெட்டியோடு வந்தார். சின்னவள் தேர்ந்தெடுத்த அலாரத்தில் இரண்டு வாசலுக்கும் பொத்தான் பலகை உண்டு. ஒவ்வொருவருக்கும் தனி எண். கதவைத் திறந்ததும் எண்ணை அழுத்தினால் சங்கு ஊதாது. வந்தது யார் என்று அப்பாவின் போனில் பேரோடு வரும்.

முன்வாசல் வேலை முடிந்தது. பின்வாசலில் பலகையைத் திருகியபடியே அலாரக்காரர் கேட்டார்.

"பின்வாசலுக்கு எத்தனை பேர் சார்?"

"மூணு" என்றார் அப்பா.

"நாலு" என்றாள் அம்மா.

அப்பா திரும்பிப் பார்த்தார்.

"யாரது நாலாவது?"

"உங்க பிள்ளை" என்றாள் அம்மா. "வேன் ஓட்டற நாளெல்லாம் இங்க வந்துதான் சாப்பிட்டான். ஒரு வாரமா வரலை. அடுத்த வீட்டுல தாழ்ப்பாளை நெம்பினப்பவே எனக்கு வயித்துல புளியைக் கரைச்சது. திருடன் வந்தா என்னத்தைக் கொண்டுபோவான், நாலு பாத்திரம். இந்தக் கதவை அடைச்சா எனக்குப் போறது அதைவிடப் பெருசுங்க."

அப்பா கதவருகே போய்த் தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்தார், தள்ளிப் பார்த்தார். தாழ்ப்பாளுக்கு ஒன்றும் இல்லை.

"ஒரு வாரமா எங்க திங்கறான்?"

"தெரியலை."

அலாரக்காரர் திருப்புளியைக் கையில் பிடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தபடி நின்றார். அடுத்தவர் வீட்டுக்குள் போய்ப் போய் வந்த பழக்கம்.

"நாலுன்னே போடுங்க தம்பி" என்றார் அப்பா. உடனே விரலை நீட்டினார். "ஆனா அவனுக்குப் பின்வாசல் மட்டும்தான். அந்த நம்பருக்கு முன்வாசல் வேலை செய்யக் கூடாது. நான் சொன்னா சொன்னதுதான். அப்படிப் பிரிச்சு வைக்கலாமில்ல?"

'தாராளமாக' என்று சொல்ல அலாரக்காரர் வாயைத் திறந்தார்.

"முடியாதுப்பா" என்றாள் சின்னவள்.

வைக்கலாம். அவளுக்கு நன்றாகத் தெரியும். விளக்கப் புத்தகத்தில் படம் போட்டே காட்டியிருந்தார்கள். வெயில் அடிக்கிறதா என்று கேட்டால்கூட எட்டிப் பார்த்துவிட்டு, "அடிக்கிற மாதிரிதான் இருக்கு" என்று சொல்கிறவள், அன்று இழுக்காமல் சொன்னாள். "இந்த மாடல்ல முடியாது. ஒரு நம்பர்னா ரெண்டு கதவுக்கும்தான்."

அலாரக்காரர் அவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு திறந்த வாயை மூடிக்கொண்டு தலையை ஆட்டினார்.

"லட்சணம்!" என்றார் அப்பா. "இத்தனை கடை ஏறி இறங்கி நீ எடுத்த மெஷினா இது? ரெண்டு கதவைப் பிரிக்கத் துப்பில்லை. இதுக்கு ஒரு அலாரம், அதுக்கு ஒரு போன்."

"வேற மாத்திடலாமாப்பா?"

"மாத்தறதாவது! அதான் சுவரெல்லாம் ஓட்டை போட்டாச்சே." வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு கூடத்துக்கு நடந்தவர் பாதியில் நின்றார். "தம்பி, அந்த நாலாவது நம்பரைக் கொஞ்சம் சுலபமாப் போடுங்க. அவனுக்கு எதுவும் ஞாபகம் இருக்காது. மறந்துட்டுத் திருதிருன்னு முழிப்பான், தெருவே கூடிடும்."