ஆறிப்போன மீன்

கிளெக்டன் ஊர்க்காரர்களிடம் பாராட்டு வாங்குவதும் கல்லில் நார் உரிப்பதும் ஒன்றுதான். கல்யாணப் பெண்ணைப் பார்த்து, "குளிருக்கு ஏத்த துணியாத்தான் போட்டிருக்க" என்பார்கள். பிறந்த குழந்தையை எட்டிப் பார்த்து, "இதவிட மோசமெல்லாம் பாத்தாச்சு" என்பார்கள். பெற்றவளும் அதைக் கேட்டு உச்சி குளிர்ந்துபோவாள். "மோசமில்ல" என்பதற்கு மேலே அங்கே புகழ்ச்சியே கிடையாது. அதற்கு மேல் ஒருவன் சொன்னால், ஏதோ காரியம் சாதிக்கக் குழைகிறான் என்று அர்த்தம்.

லண்டனிலிருந்து வந்த பிலிப்பாவுக்கு இது தெரிய நியாயமில்லை. தொலைக்காட்சி நிலையத்தில் எந்தத் தொடர் வெளிவரும், எது வராது என்று தீர்மானிக்கிறவள் அவள். அந்த ஊர்ப் பெண் லினெட் எழுதிய சிரிப்புத் தொடரை, அது நடக்கிற ஊரிலேயே போட்டுக் காட்டி, பார்த்தவர்கள் கருத்தைக் கேட்க வந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தொழிலாளர் மன்றத்தில் திரைச்சீலைகளை இழுத்துவிட்டு முதல் பகுதியைப் போட்டார்கள்.

லினெட்டின் அப்பா வில்ஃப் முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆயுசெல்லாம் அந்த ஊரில் பஸ் ஓட்டியவர். மகள் என்ன எழுதியிருக்கிறாள் என்று அவருக்கு அதுவரை தெரியாது. கேட்கவும் இல்லை. கேட்டால் ஆசைப்படுவதாக நினைத்துக்கொள்வாளே.

திரையில் ஓர் அப்பா வந்தார். அவரும் பஸ் ஓட்டுகிறவர்தான். வீட்டைவிட்டு லண்டனுக்குக் கிளம்பும் மகள் அவருடைய பஸ்ஸிலேயே ஏறுகிறாள். "மகளா இருந்தா என்ன, டிக்கெட் எடு" என்கிறார். எடுக்கிறாள். சந்தைக்குப் போக வேண்டிய பஸ், சந்தைப் பக்கம் திரும்பாமல் நேரே ரயில் நிலையத்துக்குப் போகிறது. உள்ளே இருப்பவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, வாயைத் திறக்காமல் கூடவே போகிறார்கள்.

வில்ஃப் கட்டியிருந்த கையை அவிழ்த்தார். லினெட் ஊரைவிட்டுக் கிளம்பிய அன்றைக்கு நடந்தது அதுதான். தான் வேண்டுமென்றே பாதை மாறியது மகளுக்குத் தெரியாது என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தார். அன்றைக்குப் பஸ்ஸில் இருந்தவர்களில் பாதிப் பேர் இப்போது அவருக்குப் பின்னால் இடித்த புளி மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தராவது பணிமனைக்குப் போய்ச் சொன்னதில்லை.

படம் முடிந்தது. விளக்கைப் போட்டார்கள். பிலிப்பா ஒவ்வொருவரிடமும் போய்க் கருத்துக் கேட்டாள்.

"மோசமில்ல" என்றான் பிளம்பர் ரெக்.

"இதவிடக் கேவலமானதுக்கெல்லாம் உக்காந்திருக்கேன்" என்றாள் மேவிஸ். மன்றத்தின் சமையல்கட்டு அவள் கையில்தான்.

"படத்துல வர்ற அம்மா போட்டிருந்த ஏப்ரன் சரியில்ல. மத்தபடி ஓடும்" என்றாள் இன்னொருத்தி.

பிலிப்பாவின் முகத்தில் ஈயாடவில்லை. கடைசியாக வில்ஃபிடம் வந்தாள். "நீங்க லினெட்டோட அப்பா இல்லையா? உங்களுக்குப் பிடிச்சிருந்ததா, ஐயா?"

வில்ஃப் ஏதோ சொல்ல வாயெடுத்தார். வழக்கமான வார்த்தைதான் வாயில் வந்தது. "மோசமில்ல."

லினெட் தலையைக் குனிந்துகொண்டாள்.

லினெட்டை ஓரமாகக் கூட்டிப்போய் பிலிப்பா மெதுவாகத்தான் பேசினாள். ஆனால் அந்த மன்றத்தில் எதுவும் ரகசியமில்லை. "வருத்தப்படாதே லினெட். உன் சொந்த ஊர்லயே எடுபடல. பெத்த அப்பாவே இப்படிச் சொல்றார். கதையை லண்டனுக்கு மாத்து, பேச்சையும் மாத்து. முடியாதுன்னா இதோட விட்டுடலாம்."

"அவங்க அப்படித்தாங்க பேசுவாங்க..." என்று ஆரம்பித்த லினெட், அப்பாவைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள். "ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, வேற மாதிரி பேசியிருக்கலாம்" என்றாள். குரல் உடைந்துபோயிருந்தது.

வில்ஃபுக்குத் தாங்கவில்லை. தன் ஒரு வார்த்தைதான் பெண்ணின் உழைப்பில் மண்ணைப் போட்டது என்று புரிந்தது. எழுந்தார். சுற்றுமுற்றும் பார்த்தார். சாப்பாடு எடுத்து வைக்கும் அடுக்களை ஜன்னல் கண்ணில் பட்டது. விறுவிறுவென்று மேடையேறி, பிங்கோ ஆட்டத்துக்கு எண் கூப்பிடும் மைக்கைப் பிடித்தார்.

"இந்தாம்மா லண்டன் பொண்ணு, அந்த ஜன்னலப் பாரு. என்ன இருக்கு?"

பிலிப்பா விழித்தாள். "மீன்... வறுத்த உருளைக்கிழங்கு."

"தொட்டுப் பாரு."

போய்த் தொட்டாள். "ஜில்லுன்னு இருக்கு."

"படம் பாதி ஓடுறப்பவே மேவிஸ் எடுத்து வச்சா. இந்த ஊர்ல எழவு வீட்லகூட மீன் ஆறதுக்குள்ள தின்னுட்டுத்தாம்மா அழுவோம். இன்னிக்கு ஒருத்தனும் எந்திரிக்கல. தீனின்னா உசுர விடுற ரெக்குகூட எந்திரிக்கலன்னா பாத்துக்க!"

"யோவ் வில்ஃபு, என்ன எதுக்கு இழுக்குற?" என்று ரெக் கத்தினான்.

"ரெண்டாவது சட்டி எண்ணெயிலயே கருகிப்போச்சு" என்றாள் மேவிஸ். "நானும் ஜன்னல் வழியா பாத்துக்கிட்டே நின்னுட்டேன்."

கூட்டம் சிரித்தது. வில்ஃப் சிரிக்கவில்லை.

"இன்னொண்ணு. அந்த பஸ் ஓட்டுனது நான்தான். ஸ்டேஷன்ல இறங்குறப்ப எம் பொண்ணு திரும்பிப் பாத்தா. என்னவோ சொல்லணும்னு வந்துச்சு. 'படி வழுக்கும், பாத்து இறங்கு'ன்னு சொல்லிட்டு வண்டிய எடுத்துட்டேன். சொல்ல வந்தது அது இல்ல. போகாதேன்னு சொல்ல வந்தேன். போய் ஜெயிச்சுட்டு வான்னும் சொல்ல வந்தேன். ரெண்டும் சேந்து தொண்டைல மாட்டிக்கிச்சு." மூச்சை இழுத்துக்கொண்டார். "லினெட்டு, நீ எழுதினது ரொம்ப நல்லா இருக்கு கண்ணு. எனக்கு அவ்வளவு பெருமையா இருக்கு."

அந்த மைக்கில் அப்படி ஒரு பேச்சை யாரும் கேட்டதில்லை. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் ஆளாளுக்குத் தங்கள் பூட்ஸைப் பார்த்துக்கொண்டார்கள். பிலிப்பா மட்டும் ஆறிப்போன ஒரு துண்டு உருளைக்கிழங்கை வாயில் போட்டுக்கொண்டு, "ஒண்ணையும் மாத்த வேண்டாம் லினெட்" என்றாள்.

வில்ஃப் காது மடல்வரை சிவந்துபோய் மேடையிலிருந்து இறங்கினார். கீழே லினெட் நின்றிருந்தாள். கண்ணீர் மூக்கு நுனிவரை வந்திருந்தது. புறங்கையால் துடைத்துக்கொண்டு அவருடைய கோட்டுக் காலரைச் சரிசெய்தாள்.

"மோசமில்லப்பா" என்றாள்.