பதினாலாம் எக்ஸிட்டில் நின்ற ஊர்வலம்

எங்கள் நகரத்தைச் சுற்றி ஓடும் லூப் சாலையை வரைபடத்தில் பாருங்கள். தட்டு மாதிரி வட்டமாக இருக்கும். வடகிழக்கில் மட்டும் யாரோ ஒரு கடி கடித்ததுபோல உள்ளே வளைந்திருக்கும். அந்த வளைவுக்கு வெளியே இருப்பது கோல்ஃப் கிளப். முதலில் போட்ட கோடு அதன் புல்வெளிக்கு நடுவேதான் போனது. கிளப்காரர்கள் யாருடனோ உட்கார்ந்து விருந்து சாப்பிட்டார்கள், கோடு நகர்ந்து எங்கள் குடியிருப்பான சீடர் பாட்டத்துக்குள் வந்தது. இளைத்தவன் தலையில் மிளகாய் அரைப்பார்கள் என்பார்கள். எங்கள் தலையில் நாலு லேன் போட்டார்கள்.

வீடுகள் போயின, முடிதிருத்தும் கடை போனது, நீபோ மலை சர்ச்சும் அதன் கல்லறைத் தோட்டமும் போயின. செத்தவர்களை மட்டும் தெற்கே புதுத் தோட்டத்துக்கு மாற்றித் தருவதாகச் சொன்னார்கள். "அடையாளம் உள்ள கல்லறை எல்லாவற்றையும் மாற்றுவோம்" என்று சர்ச்சுக்கே வந்து படித்துக் காட்டினார்கள். எங்கள் ஜனங்கள் ஆமென் சொல்லி நிம்மதியாக வீட்டுக்குப் போனார்கள். எங்களிடம் அடையாளம் இல்லாத கல்லறையே கிடையாதே!

கல் வாங்க வசதி இருந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். மற்றவர்களுக்கு, செத்தவர் கடைசியாகப் புழங்கிய தட்டையோ கோப்பையையோ உடைத்து மண்மேல் வைப்போம், சுற்றிலும் சங்கு பதிப்போம். உடைத்தால்தான் அந்த வீட்டுச் சாவுச் சங்கிலி அதோடு அறுபடும். என் அம்மா ஐடெல்லா, தம்பி கிளீவனைப் பெற்றுப் போட்டுவிட்டுச் செத்தாள். அவளுடைய நீலப் பால் ஜாடியை என் சின்னக் கையைப் பிடித்து அப்பாதான் உடைக்க வைத்தார்.

கான்ட்ராக்ட் ஆட்கள் கண்ணுக்கு அதெல்லாம் குப்பை. கையில் அகப்பட்டதை வாரி லாரியில் கொட்டினார்கள், மிச்சத்தை மண்ணோடு மூடினார்கள். கல் இருந்தவர்கள் தெற்கே போனார்கள், என் அம்மா லூப்பிலிருந்து வண்டிகள் இறங்கும் பதினாலாம் எக்ஸிட் சரிவுக்கு அடியில் போனாள். அப்பா புதுத் தோட்டத்தில் வரிசை வரிசையாகத் தேடிவிட்டுச் சாலைத் துறை ஆபீசுக்குப் போய்க் கேட்டார். "அடையாளம் எதுவும் இல்லையே" என்றார்களாம். முப்பது வருஷம் அவர் வேலைக்குப் போனது அந்தச் சரிவு வழியாகத்தான்.

போன வசந்தத்தில் லூப்பை அகலப்படுத்தப் போவதாகக் கூட்டம் போட்டார்கள். சரிவைப் பெயர்க்கும்போது முதலில் அம்மாவைத் தேடுங்கள் என்று எழுந்து கேட்டேன். மேடையில் கெண்ட்ரிக் என்று ஒரு சின்ன வயது அதிகாரி. தேனாகப் பேசினாள்.

"எங்க சர்வேல கல்லறை எதுவும் வரலையேம்மா."

"கல்லு இல்ல, அதான் வரல."

"உங்க வருத்தம் எனக்குப் புரியுது."

"இது வருத்தமில்ல, பாப்பா. கோபம். இதுக்கு உங்க ஆபீஸ்ல தனி கவுன்ட்டர் இருக்கா?"

சிலர் சிரித்தார்கள். கிளீவன் என் கையைப் பிடித்து இழுத்தான். "விடுக்கா, உக்காரு." அவன் பிறந்ததிலிருந்து இந்த ஒரு பாட்டுதான். ஏழை சொல் அம்பலம் ஏறவில்லை.

செப்டம்பரில் அப்பா போய்விட்டார். கடைசியாகத் தெளிவாகப் பேசியது இதுதான்: "வெர்லீன், உங்கம்மா இல்லாத காலி எடத்துக்குப் பக்கத்துல என்னைப் படுக்க வெச்சுடாத."

பிறகு கட்டிய சர்ச்சிலிருந்து தெற்குத் தோட்டத்துக்கு லூப்பில்தான் போக வேண்டும். எங்கள் பக்கத்தில் சவ ஊர்வலத்துக்கு நடுவே யாரும் வண்டியை நுழைக்க மாட்டார்கள். சட்டமும் அதுதான், வழக்கமும் அதுதான். கார்கள் எல்லாம் ஊர்வலத்துக்கு அடையாளமாகப் பட்டப்பகலில் விளக்கைப் போட்டுக்கொண்டு பின்னால் வர, சவ வண்டியில் அதை ஓட்டிய பர்விஸ் பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். எங்கள் வீட்டு அடக்கமெல்லாம் அவர் கையால்தான் நடக்கும்.

பதினாலாம் எக்ஸிட்டில் சரிவைப் பெயர்த்துப் போட்டிருந்தார்கள். மண் தோண்டும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. குவித்த மண்ணில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. சங்கு.

"நிறுத்துங்க பர்விஸ்."

"லூப்லயா? அப்புறம் என்னையும் பின்னால அந்தப் பெட்டியிலதான் ஏத்தணும்."

"நிறுத்துங்கன்னா நிறுத்துங்க."

நிறுத்தினார். பின்னால் எல்லாரும் நின்றார்கள். நான் இறங்கி மண்மேட்டுக்கு நடந்தேன். சங்குகள், ஒரு கோப்பைக் காது, தட்டின் விளிம்பு, ஒரு நீலத் துண்டு. நீல ஜாடி ஊரில் எத்தனையோ இருந்திருக்கும். அம்மாவுடையதுதான் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனாலும் கையில் எடுத்ததும் அழுகை வந்துவிட்டது.

மேஸ்திரி ஓடி வந்தான். "அது குப்பைம்மா, கைய கிழிச்சிடும்."

அதே வார்த்தை. அழுகை நின்றுவிட்டது. "மிஷினை அணைக்கச் சொல்லு" என்றேன். இயந்திரத்தில் இருந்தவர் சவ வண்டியைப் பார்த்தார், மேஸ்திரி சொல்லுமுன் அணைத்துவிட்டுத் தலைக்கவசத்தைக் கழற்றினார். அப்பாவின் காப்பிக் கோப்பை என் கைப்பையில் இருந்தது. தெற்கே உடைப்பதற்காக எடுத்து வந்தது. அந்த இயந்திரத்தின் இரும்புப் பல்லிலேயே அடித்து உடைத்து நீலத் துண்டின் பக்கத்தில் வைத்தேன்.

போலீஸ்காரர் வந்தார். சவப்பெட்டியைப் பார்த்துத் தொப்பியை எடுத்துவிட்டுத்தான் பேசினார். "உங்க துக்கத்துல கலந்துக்கறேன். ஆனா பின்னால ரெண்டு எக்ஸிட் தூரத்துக்கு வண்டிங்க நிக்குது. ஊர்வலம் எப்ப நகரும்?"

"பொதைச்சாதானே ஊர்வலம் முடியும்? எங்கம்மாவ எடுத்துக் குடுங்க. அப்பாவ அவ பக்கத்துல வெச்சிட்டுப் போயிடறோம்."

"அதுக்கு நாளாகும்மா."

"ஆகட்டும். நாங்க முப்பது வருஷத்துக்கு மேல காத்திருந்தாச்சு."

கிளீவன் காரிலிருந்து இறங்கி வந்தான். விடுக்கா என்று சொல்லட்டும், அறைந்துவிடுகிறேன் என்று நினைத்துக்கொண்டேன். அவன் குனிந்து நீலத் துண்டைத் தொட்டுப் பார்த்தான். அம்மா முகத்தை அவன் பார்த்ததே இல்லை. பிறகு திரும்பி, நின்றிருந்த கார் ஒவ்வொன்றின் கண்ணாடியையும் தட்டிக்கொண்டே போனான்.

"லைட்ட யாரும் அணைக்காதீங்க. இன்னும் முடியல."